குவெயின்ட்: கெட்டிக்காரத்தனத்திலிருந்து 'அந்தக் காலத்து' வரை

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் பைபரி என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஆர்லிங்டன் ரோ என்ற பெயரில் வரிசையாகச் சில கல் வீடுகள் நிற்கின்றன. 1380இல் ஒரு மடாலயத்தின் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டவை, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாற்றப்பட்டவை. எதிரே ஆற்றை ஒட்டிய ஈரப் புல்வெளிக்கு ராக் ஐல் என்று பெயர், கம்பளியை அலசிச் சட்டங்களில் காயப்போட்ட இடம் என்பதால் வந்த பெயர் அது. இன்று அந்த ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குத் தானாக வந்து விழும் அடைமொழி 'குவெயின்ட்'. பழைய காலத்து அழகு, கொஞ்சம் வித்தியாசம், பார்த்தால் முகத்தில் ஒரு புன்னகை, இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ஆனால் தாழ்ந்த கூரைக்குக் கீழே குடும்பத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு, தறியும் ஈரக் கம்பளியுமாக வாழ்ந்த நெசவாளி தன் வீட்டை அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அவர் போன பிறகு, தறி நின்ற பிறகு, வேடிக்கை பார்க்க வருகிறவர்தான் சொல்கிறார்.

இந்தச் சொல்லை நான் விடாமல் கவனித்துக்கொண்டு வருவதற்குக் காரணம் இதுதான். கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும், ஆனால் பாராட்டப்படும் பொருளை 'இனி உனக்கு வேலையில்லை' என்று ஓரமாக உட்கார வைத்துவிடும். சுற்றுலாவோடு நின்றிருந்தால் பெரிய பாதகமில்லை. ஒரு முறை, 2002 ஜனவரியில், வெள்ளை மாளிகையின் சட்டக் குறிப்பு ஒன்றுக்குள் இந்தச் சொல் நுழைந்து, போர்க்கைதிகளுக்கு எழுதிவைத்த உரிமைகளின் மேல் உட்கார்ந்தது. அந்த நிகழ்வைத்தான் இங்கே முழுதாகப் பார்க்கப் போகிறேன். ஆனால் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அங்கே அது என்ன செய்தது என்று புரியாது, அதனால் முதலில் கொஞ்சம் பழைய கதை.

லத்தீனில் 'கொக்னோஸ்கெரெ' என்றால் அறிதல். அதிலிருந்து 'அறியப்பட்ட' என்ற பொருளில் 'கொக்னிட்டுஸ்'. அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து 'கொயின்ட்டெ' ஆனது, அங்கே அதற்கு விஷயம் தெரிந்தவர், கெட்டிக்காரர், நேர்த்தியானவர் என்றெல்லாம் பொருள். நார்மன் படையெடுப்புக்குப் பின் பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக இங்கிலாந்துக்கு வந்தபோது இதுவும் வந்தது, 1200 வாக்கில் ஆங்கிலத்தில் கால் வைத்தது. ரெகக்னைஸ், அக்குவெயின்ட், கானஸர், இன்காக்னிட்டோ எல்லாம் இதன் ஒன்றுவிட்ட உறவுகள். இன்னும் பின்னால் போனால் ஆங்கிலத்தின் 'நோ', கிரேக்கத்தின் 'ஞோசிஸ்', வடமொழியின் 'ஞான' எல்லாமே ஒரே வேர். நாம் தினமும் சொல்லும் ஞானமும் விஞ்ஞானமும் குவெயின்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று முதலில் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆகப் பிறக்கும்போது இது அறிவைக் குறித்த சொல். ஆங்கிலத்தில் ஆரம்ப நூற்றாண்டுகளில் ஒரு மனிதரைக் குவெயின்ட் என்றால் புத்திசாலி, சாமர்த்தியசாலி. ஒரு பொருளைச் சொன்னால் மூளையைச் செலவழித்து நுணுக்கமாகச் செய்தது. கூடவே தந்திரக்காரர், கர்வம் பிடித்தவர், விசித்திரமானவர் என்ற நிழல்களும் சீக்கிரமே ஒட்டிக்கொண்டன. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாஸர் எழுதிய மில்லரின் கதையில், ஆக்ஸ்ஃபோர்டு மாணவன் நிக்கோலஸ் தச்சரின் இளம் மனைவியை நெருங்கும் இடத்தில், படித்த பையன்கள் ரொம்ப நுட்பமும் 'குவெயின்டும்' உள்ளவர்கள் என்று ஒரு வரி முடிகிறது. அடுத்த வரி அதே ஒலியில் முடிகிறது, ஆனால் அங்கே அது பெயர்ச்சொல், பெண்ணின் அந்தரங்க உறுப்பைக் குறிக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒரே சொல்லை இரண்டு பொருளில் வைத்து எதுகை கட்டிவிட்டார் மனிதர். அடக்கமான கிராமத்து அழகு என்று இன்று நாம் நினைக்கும் சொல் அன்று எவ்வளவு உயிரோடு, எவ்வளவு துணிச்சலாகத் திரிந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்புறம் ஷேக்ஸ்பியர். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய பொருளை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் நேர் எதிராகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அடங்காப்பிடாரியை அடக்கும் நாடகத்தில் தையல்காரர் புதிதாகத் தைத்த கவுனைக் கொண்டுவந்து விரிக்கிறார், பெட்ரூச்சியோ அதன் கை, வெட்டு எல்லாவற்றையும் குறை சொல்லித் தள்ளுகிறான், கேத்தரினாவோ இதைவிட நல்ல பாணியில் தைத்த கவுனை நான் பார்த்ததே இல்லை, இவ்வளவு 'குவெயின்டாக', இவ்வளவு மனதுக்குப் பிடித்ததாக, என்கிறாள். இன்னொரு நாடகத்தில் ஹீரோ என்ற பெயருள்ள கல்யாணப் பெண்ணின் உடையை அவள் தோழி மார்கரெட் மிலன் சீமாட்டியின் உடையோடு ஒப்பிட்டுப் பேசும்போதும் இதே சொல்தான் வருகிறது. இரண்டு இடத்திலும் உடை புத்தம் புதிது, அந்த நேரத்து நாகரிகத்தின் உச்சம். ஆக 1600 சுற்றுவட்டாரத்தில் குவெயின்ட் என்றால் பழையது இல்லை, அன்றைக்குத் தையல்காரர் கையிலிருந்து இறங்கியது! புயல் நாடகத்தின் மந்திரவாதி ப்ராஸ்பெரோ, தன் வேலையைக் கச்சிதமாக முடித்த ஏவல் ஆவி ஏரியலை 'என் குவெயின்ட் ஏரியலே' என்று கொஞ்சுவதும் அதன் சாமர்த்தியத்துக்குத்தான். வெனிஸ் வணிகன் நாடகத்தின் நாயகி போர்ஷியா ஆண் வேடம் போட்டு அளந்துவிடப் போகும் பொய்களையும் குவெயின்ட் என்கிறாள், கேட்பவர் சந்தேகப்படாதபடி ஜோடித்த பொய்கள் என்று அர்த்தம்.

அறிவைச் சொல்லும் வார்த்தைகளுக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்று தெரியவில்லை, எந்த மொழியிலும் அவை நேராக நிற்பதில்லை. ஆங்கிலத்தின் 'கன்னிங்' அறிதலிலிருந்து வந்து நரித்தனத்தில் முடிந்தது. நம்மிடம் சூழ்ச்சியைப் பாருங்கள், வள்ளுவர் 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்று சொன்னபோது அது ஆழ்ந்து ஆலோசிப்பது, இன்று செய்தித்தாளில் சூழ்ச்சி என்றால் சதி. இதற்கு எதிர்த்திசையில் போனது 'நைஸ்'. லத்தீனில் 'நெஸ்கியுஸ்', அறியாதவன் என்று பொருள், ஆங்கிலத்தில் முதலில் முட்டாளைக் குறித்தது, பிறகு மெதுவாக ஏறி ஏறி இனிமையானது என்று ஆகிவிட்டது. அறியாதவன் இனியவன் ஆனான், அறிந்தவன் காட்சிப்பொருள் ஆனான். இரண்டு சொற்களும் ஒரே படிக்கட்டில் ஒன்று ஏறும்போது ஒன்று இறங்கியிருக்கின்றன.

இறங்கிய வழியில் ஒரு முக்கியமான படி சாமுவேல் ஜான்சனின் அகராதி, 1755. அதில் குவெயின்டுக்கு அவர் கொடுக்கும் பொருள்களில் தேவைக்கு மேல் நுணுக்கம் பார்ப்பது, அற்பமான நேர்த்தி என்ற தொனி வந்துவிட்டது. பாராட்டில் புளிப்பு ஏறியாயிற்று. பகட்டு என்ற பொருளில் ஸ்விஃப்ட் எழுதிய ஒரு மேற்கோளைக் காட்டிவிட்டு, இது இந்தச் சொல்லின் சரியான பொருள் இல்லை, ஸ்விஃப்ட் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றும் ஜான்சன் சொல்கிறார். ஆங்கிலத்தின் பெரிய உரைநடைக்காரர்களில் ஒருவருக்கே ஒரு சொல்லின் மேல் பிடி நழுவியது என்று அடுத்த தலைமுறை அகராதிக்காரர் எழுத வேண்டிய அளவுக்கு அது ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே, 1681இல் அச்சான ஆண்ட்ரூ மார்வெலின் கவிதையில் காதலன் காதலியிடம் நீ கட்டிக்காக்கும் 'குவெயின்ட்' மானம் மண்ணோடு மண்ணாகப் போகும் என்கிறான். அங்கே சாஸரின் பழைய சிலேடை ஒளிந்திருக்கிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் கேட்பது வேறு. ஒருத்தி பெரிதாக மதிக்கும் ஒன்றை மெல்லச் சிரித்தபடி கீழே இறக்க இந்தச் சொல் உதவும் என்று மார்வெலுக்குத் தெரிந்திருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் இது புழக்கத்திலிருந்து நன்றாகவே குறைந்துபோனது. காப்பாற்றியது பழமை மோகம். எழுத்தாளர் வால்போல் தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையை இடைக்காலத்துக் கோதிக் பாணியில் கட்டிக்கொண்டார், பெர்சி பாதிரியார் 1765இல் பழைய கதைப்பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார், படித்த ஆங்கிலேயர்களுக்குத் திடீரென்று இடைக்காலம் அழகாகத் தெரிய ஆரம்பித்தது. பழைய கட்டடத்தின் நுணுக்கமான வேலைப்பாட்டைப் பார்த்து 'குவெயின்ட்' என்றார்கள். வேலைப்பாடு என்ற பொருள் பழைய பொருள்தான், ஆனால் பார்த்த பொருள்கள் எல்லாமே பழையவை என்பதால் பழமை என்ற வாசம் சொல்லில் ஏறிக்கொண்டது. அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் பழைய காலத்துக் கவர்ச்சி என்ற இன்றைய பொருள் எழுத்தில் வந்துவிட்டது. 1845 ஜனவரியில் எட்கர் ஆலன் போ தன் அண்டங்காக்கைக் கவிதையில் நள்ளிரவில் மறந்துபோன கல்விக்கான நூல்களைப் புரட்டுகிற மனிதனைக் காட்டும்போது, நூல்களுக்குக் 'குவெயின்ட் அண்ட் கியூரியஸ்' என்ற ஜோடி அடைமொழியைக் கொடுத்தார். அந்த ஜோடி ஆங்கில வாசகர்கள் காதில் அப்படியே தங்கிவிட்டது.

இங்கே நடந்த மாற்றத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது பழமை வந்து சேர்ந்தது இல்லை. முன்பு குவெயின்ட் என்றால் அறிவு எதிரே இருப்பவரிடம் இருந்தது, அல்லது அந்தப் பொருளைச் செய்த கையிடம் இருந்தது. இப்போது அறிவு சொல்பவர் பக்கம் வந்துவிட்டது. எனக்குத் தெரியும் இது பழையது என்று, உனக்குத் தெரியாது, பாவம், அதுதான் உன் அழகு. இந்த ஏற்பாட்டில்தான் காலனிக் காலத்துப் பயணிகளும் அதிகாரிகளும் ஆசியாவின், ஆப்பிரிக்காவின் வழக்கங்களை எல்லாம் குவெயின்ட் என்று எழுதித் தள்ளினார்கள். ஊருக்கு நல்லது நடக்க ஒரு சடங்கு செய்கிறவருக்கு அது வாழ்வா சாவா விஷயம், குறிப்பேட்டில் எழுதுகிறவருக்கு அது கண்ணுக்கு இதமான ஒரு பத்தி.

நம் ஊர் ஆங்கில நாளிதழ்களின் பயணப் பக்கங்களிலும் இது தாராளமாகப் புழங்குகிறது, புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்கள், தரங்கம்பாடி, ஊட்டி ரயில். அந்த ரயிலை எடுத்துக்கொண்டால், மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி உதகையில் 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே சாதாரணச் சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளங்களுக்கு இடையில் பல் வைத்த இரும்புப் பட்டை போட்டு, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும்படி செய்திருக்கிறார்கள். 1899இல் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை ஓடத் தொடங்கியது, இன்றும் அதே முறைதான். சாஸர் காலத்து ஆங்கிலேயர் பார்த்திருந்தால் இதைக் குவெயின்ட் என்றிருப்பார், மூளையைக் கசக்கிச் செய்த பொறி என்ற அர்த்தத்தில், அது முழு மரியாதை. இன்றைய எழுத்தாளர் அதே சொல்லைப் போடும்போது பல்சக்கரம் மறைந்து நீலப் பெட்டியும் புகையும் மட்டும் மிஞ்சுகின்றன.

சரி, போருக்கு வருவோம். 1902இல், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போர் முடிந்த கையோடு, தாமஸ் ஹார்டி ஒரு சிறு கவிதை வெளியிட்டார். பேசுபவர் சாதாரணச் சிப்பாய். எதிரில் வந்தவனைச் சுட்டுக் கொன்றுவிட்டார். ஏன் கொன்றேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார், அவன் என் எதிரி என்பதால், என்று ஆரம்பித்து அந்த 'என்பதால்' தொண்டையில் சிக்கி மறுபடி ஒரு முறை வருகிறது. அவனும் என்னைப் போல வேலை கிடைக்காமல், தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவனாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. மதுக்கடையில் சந்தித்திருந்தால் ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்திருப்பேன், கையில் அரை கிரவுன் காசு கொடுத்து உதவியிருப்பேன் என்கிறார். முடிக்கத் தெரியாமல், போர் என்பது 'குவெயின்ட் அண்ட் கியூரியஸ்' என்று முடிக்கிறார். போவின் அதே ஜோடி. புத்தக அலமாரிக்குச் செய்த சொல்லைப் பிணத்தின் மேல் போர்த்தப் பார்க்கிறார், அது போதவில்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். சொல்லின் போதாமைதான் அந்தக் கவிதையின் வலி. ஆங்கிலத்தில் குவெயின்ட் இவ்வளவு பாரம் சுமந்த வேறொரு இடத்தை நான் படித்ததில்லை.

சரியாக நூறு வருஷம் கழித்து, 2002. முந்தைய செப்டம்பரில் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் தாக்குதல் நடந்து, அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானுக்குள் போயிருந்தது. ஜனவரி 11 அன்று கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோவுக்கு முதல் கைதிகள் 20 பேர் வந்து இறங்கினார்கள். இவர்களுக்கு 1949இன் மூன்றாம் ஜெனிவா ஒப்பந்தம், அதாவது போர்க்கைதிகள் ஒப்பந்தம், பொருந்துமா என்பதுதான் கேள்வி. ஜனவரி 25 தேதியிட்டு, வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் அல்பெர்ட்டோ கோன்சாலஸ் பெயரில், அதிபர் புஷ்ஷுக்கு ஒரு குறிப்பின் வரைவு தயாரானது. பயங்கரவாதத்துக்கு எதிரான போர் புது வகைப் போர், பிடிபட்டவர்களிடமிருந்து சீக்கிரம் தகவல் பெறுவது இதில் மிக முக்கியம் என்று சொல்லிவிட்டு, அடுத்து வருகிறது அந்த வாக்கியம். இந்தப் புதிய நிலை, எதிரிக் கைதிகளை விசாரிப்பதில் ஜெனிவா வைத்திருக்கும் கறாரான வரம்புகளை 'அப்ஸொலீட்' ஆக்குகிறது, அதன் சில விதிகளைக் 'குவெயின்ட்' ஆக்குகிறது. எந்த விதிகள்? கைதிகளுக்குக் கேன்டீன் வசதி, மாதச் சம்பளத்தில் முன்பணம், விளையாட்டு உடை, அறிவியல் கருவிகள் கொடுக்க வேண்டும் என்பவை.

ஒரு நியாயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஜெனிவா ஒப்பந்தத்தையே அவர் குவெயின்ட் என்று சொல்லிவிட்டதாகப் பிற்பாடு பரவலாக எழுதினார்கள், அது சரியில்லை. குவெயின்ட் என்பது அந்தச் சில விதிகளுக்கு மட்டும்தான். விசாரணை வரம்புகளுக்குப் போட்ட சொல் அப்ஸொலீட், காலாவதியானது. பார்க்கப்போனால் அதுதான் பயங்கரம். ஒப்பந்தத்தின் 17ஆவது பிரிவு, கைதி தன் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் தவிர எதுவும் சொல்லக் கடமைப்பட்டவரில்லை என்றும், தகவலுக்காக உடலையோ மனதையோ வதைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. காலாவதி என்றால் இதுவும் சேர்ந்துதான்.

அப்படியானால் மக்கள் ஏன் அப்ஸொலீட்டை மறந்துவிட்டுக் குவெயின்டைப் பிடித்துக்கொண்டார்கள்? வாக்கியத்தின் கட்டமைப்பைப் பார்த்தால் புரிகிறது. காலாவதி என்ற சொல்லுக்கு எதிர்வாதம் வைக்கலாம், இல்லை, இன்னும் செல்லும், இதோ காரணம் என்று. குவெயின்டோடு வாதாட முடியாது. அது காரணம் எதுவும் சொல்வதில்லை, ஒரு முகபாவத்தை மட்டும் காட்டுகிறது. விளையாட்டு உடையாம், அறிவியல் கருவியாம் என்று படிப்பவரையும் தன்னோடு சேர்ந்து லேசாகப் புன்னகைக்க வைக்கிறது. அந்தப் புன்னகை வந்துவிட்டால் முன்பாதியில் சொன்ன கடுமையான விஷயமும் சுலபமாக உள்ளே இறங்கிவிடும். வாக்கியத்தை எழுதியவர் இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்பது எனக்கு அவசியமில்லை, அந்தச் சொல் அந்த வேலையைத் தானே செய்யும், செய்தது.

இப்போது அந்த விதிகளையே கிட்டப் போய்ப் பார்க்கலாம். கேன்டீன் 28ஆவது பிரிவு. முகாமில் கைதிகள் சாப்பாட்டுப் பொருள், சோப்பு, புகையிலை, அன்றாடச் சாமான்கள் வாங்க ஒரு கடை வேண்டும், அங்கே விலை உள்ளூர்ச் சந்தை விலைக்கு மேல் போகக் கூடாது. முன்பணம் 60ஆவது பிரிவு, சார்ஜென்டுக்குக் கீழே உள்ள சிப்பாய்க்கு மாதம் 8 சுவிஸ் பிராங்க், அந்தக் கடையில் சோப்பு வாங்கக் காசு வேண்டுமே. அறிவியல் கருவியும் விளையாட்டு உடையும் வருவது 72ஆவது பிரிவில், அதிலும் இவற்றை அரசு வாங்கித் தர வேண்டும் என்றில்லை, வெளியிலிருந்து பார்சலில் வந்தால் கைதிக்குப் போய்ச் சேர விட வேண்டும். அதே பட்டியலில் புத்தகம், வழிபாட்டுப் பொருள், இசைக்கருவி, தேர்வுத் தாள்கூட இருக்கிறது. தேர்வுத் தாளா என்று கேட்டால், ஆமாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் முகாம்களில் அடைபட்ட பிரிட்டிஷ் கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் ஒரு பிரிவு வைத்துப் பாடநூல்கள் அனுப்பியது, கைதிகள் முள்கம்பிக்குள் உட்கார்ந்து படித்து இங்கிலாந்தின் தேர்வுகளை எழுதினார்கள். 1949இல் ஜெனிவாவில் உட்கார்ந்தவர்களுக்கு அது நேற்று நடந்த விஷயம். அந்தப் பட்டியலில் ஒரு சொல்கூட அலங்காரத்துக்குப் போட்டதில்லை.

சோப்பு இல்லாத முகாம் எப்படி இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். முந்தைய 1929 ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்திட்டது, ஆனால் முறைப்படி ஏற்கவில்லை. சயாம்-பர்மா ரயில் பாதையில் நேச நாட்டுக் கைதிகள் வாந்திபேதியிலும் வயிற்றுக்கடுப்பிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து அதே பாதைக்கு ஓட்டிச் செல்லப்பட்ட தமிழர்கள் நிலைமை இன்னும் மோசம், அவர்கள் சிப்பாய்கள் இல்லை என்பதால் போர்க்கைதி ஒப்பந்தம் பேச்சளவில்கூட அவர்களுக்குக் கிடையாது. பொதுமக்களுக்கான நான்காம் ஒப்பந்தமே 1949இல்தான் வந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போய் அந்தக் கேன்டீன் வரியை மறுபடி படித்தால் எனக்குப் புன்னகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. மனிதரை மனிதராக வைத்திருக்க எது எது வேண்டும் என்று பிணங்களை எண்ணிய பிறகு உட்கார்ந்து எழுதிய பட்டியல் அது.

அரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. மறுநாள், ஜனவரி 26 தேதியிட்ட பதில் குறிப்பில் வெளியுறவுச் செயலர் காலின் பவல், ஒப்பந்தம் பொருந்தாது என்று அறிவிப்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேலான அமெரிக்கக் கொள்கையைத் தலைகீழாக்கும், நம் சொந்தப் படையினருக்குள்ள பாதுகாப்பையும் கெடுக்கும் என்று வாதிட்டார். அவர் போர் பார்த்த சிப்பாய், ஜெனரலாக ஓய்வு பெற்றவர். நாளை தன் ஆட்கள் பிடிபட்டால் என்ன ஆகும் என்ற கணக்கு அவருக்கு இருந்தது. பிப்ரவரி 7 அன்று புஷ் எடுத்த முடிவில் அல் கொய்தாவுக்கு ஜெனிவா பொருந்தாது என்றும், தாலிபான் கைதிகள் போர்க்கைதி தகுதி பெறாதவர்கள் என்றும் ஆனது.

2004 ஏப்ரல் கடைசியில், இராக்கில் அமெரிக்கப் படை நடத்திய அபு கிரைப் சிறையின் புகைப்படங்கள் வெளியாயின. நிர்வாணமாக அடுக்கப்பட்ட கைதிகள், முகமூடி போட்டுப் பெட்டி மேல் நிறுத்தப்பட்டவர். அடுத்த சில வாரங்களில், மே மாதம், கோன்சாலஸ் குறிப்பு பத்திரிகைகளுக்குக் கிடைத்தது. அந்தப் படங்களைப் பார்த்த கண்ணோடு மக்கள் அந்தச் சொல்லைப் படித்தார்கள். இராக்கில் ஜெனிவா பொருந்தும் என்றுதான் அமெரிக்க அரசு அதிகாரபூர்வமாகச் சொல்லிவந்தது, குறிப்பு எழுதப்பட்டது ஆப்கானிஸ்தான் கைதிகளைப் பற்றி, அந்த வித்தியாசம் உண்மைதான். ஆனால் மேலே இருப்பவர்கள் ஒரு சட்டத்தைப் பற்றி எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பது கீழே வரைக்கும் போய்ச் சேரும் என்றே நான் நினைக்கிறேன்.

2005 ஜனவரியில் கோன்சாலஸ் தலைமை வழக்கறிஞர் பதவிக்கான செனட் விசாரணையில் உட்கார்ந்தபோது இந்தக் குறிப்பும் கேள்விக்கு வந்தது. பிப்ரவரி 3 அன்று 60க்கு 36 என்ற வாக்கில் பதவி கிடைத்தது. 2006 ஜூன் 29 அன்று, குவாண்டனாமோ கைதி ஹம்தான் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கைதிகளை மனிதாபிமானத்தோடு நடத்தச் சொல்லும், நான்கு ஜெனிவா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான மூன்றாவது பிரிவு அல் கொய்தாவோடான மோதலுக்கும் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது.

இந்தக் குறிப்பின் கதையைத் தமிழில் எழுத உட்காரும் யாருக்கும் ஒரு நடைமுறைச் சிக்கல் வரும், அந்தச் சொல்லை எப்படிப் போடுவது என்று. 'விசித்திரமான' என்று போட்டால் இனிமை போய்விடுகிறது. 'வேடிக்கையான' என்றால் கேலி வெளிப்படையாகத் தெரிந்துவிடுகிறது, அந்தக் குறிப்பில் கேலி வெளிப்படையாக இல்லை, அதுதான் அதன் பலம். 'பழம்பஞ்சாங்கம்' ஆளைத் திட்டுகிற சொல். எனக்குப் பொருத்தமாகப் படுவது 'அந்தக் காலத்துச் சம்பிரதாயம்'. வீட்டில் யாராவது ஒரு வழக்கத்தைக் கைவிட வேண்டுமென்றால் நாம் அது தப்பு என்று சொல்வதில்லை, 'அதெல்லாம் அந்தக் காலம்' என்று பாசமாகவே சொல்லி முடித்துவிடுகிறோம், அந்த அசைவு இதில் அப்படியே வருகிறது. ஹார்டியின் சிப்பாய்க்கு இது உதவாது, அவர் வாயில் 'என்னமோ போங்க, போர்னா இப்படித்தான்' என்ற மாதிரி ஒரு தடுமாற்றம் வேண்டும். கேத்தரினாவின் கவுனுக்கு இன்றைய அகராதியைத் திறக்கவே கூடாது. நயமான, நாகரிகமான, இல்லாவிட்டால் துணிந்து 'புது மோஸ்தர்' என்றே போடலாம், தையல்காரர் அதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்.